பசி ஆறும் முன்னே பயம் ஆற வேண்டும்

'சாப்பிட்டாயிற்றா?' என்று கேட்பதே நம் வீடுகளில் நலம் விசாரிக்கும் முறை. விருந்தினர் வந்தால் இலை போடுகிறோம். துக்க வீட்டில் அடுப்பு எரியாத நாளில் அண்டை வீட்டார் உணவு கொண்டு செல்கின்றனர். பிள்ளை வயிறார உண்டால் பெற்றவளுக்கு மனம் நிறைகிறது. அன்பை வாய்விட்டுச் சொல்லிப் பழகாத நாம், அதனைச் சோற்றோடு பிசைந்து ஊட்டிப் பழகியவர்கள். ஆகையினால்தான் ஒரு வீட்டில் பிள்ளை உண்ண மறுத்தால் அவ்வீட்டார் அனைவரும் கலங்கிப் போகின்றனர். தத்து வந்த பிள்ளை உண்ண மறுத்தாலோ, தங்களையே அது மறுப்பதாக எண்ணி உள்ளம் உடைந்து விடுகின்றனர்.

2018ஆம் ஆண்டில் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்த பெற்றோர் நாங்கள். அவள் எங்களிடம் வந்தபோது அவளுக்கு வயது இரண்டும் நான்கு மாதமும். இன்று பள்ளியில் படிக்கிறாள். ஆதலால் அவள் பெயரை இங்கே எழுதவில்லை. இதனை எழுதலாமா என்று அவளிடமே கேட்டோம். சற்றே யோசித்துவிட்டு, "எழுதுங்கப்பா, என் டப்பாவைப் பத்தியும் எழுதுங்க" என்றாள். அந்த டப்பாவின் கதையைப் பிறகு சொல்கிறோம்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தத்தெடுக்கும் உரிமை நெடுங்காலம் சட்டப்படி முழுமையாகக் கிட்டவில்லை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ் நாம் பிள்ளைக்குக் காப்பாளராக மட்டுமே இருக்க இயன்றது. சிறார் நீதிச் சட்டமும் அதற்கு 2006இல் வந்த திருத்தமும் வழியைத் திறந்தன. எம்மதத்தவரும் அச்சட்டத்தின்படி தத்தெடுக்கலாம் என்பதை 2014இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2015ஆம் ஆண்டின் சட்டம், தத்துக் கொடுக்க இயலாத பிள்ளைகளைச் சில காலம் ஒரு குடும்பத்தில் வைத்து வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்புக்கும் இடம் தருகிறது. வீடு தேடி வரும் இப்பிள்ளைகளுக்கு உரிய படிவங்களை எப்படி நிரப்புவது என்று சொல்லித் தருவோர் உண்டு. முதல் வேளை உணவை எப்படி இடுவது என்று சொல்லித் தருவோர் மிகச் சிலரே.

இரு முகம், ஒரே வேர்

வந்த முதல் வாரத்தில் எங்கள் மகள் நீர்த்த கேழ்வரகுக் கஞ்சியையும் பாலில் ஊறிய பன்னையும் தவிர வேறெதையும் விழுங்கவில்லை. பருப்பு சாதம் வாயில் வைத்தால் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள். அரை மணி நேரம் ஆனாலும் மெல்லவும் மாட்டாள், விழுங்கவும் மாட்டாள். இறுதியில் ஓங்கரித்துத் துப்பிவிடுவாள். அதே பிள்ளையின் தட்டிலிருந்த பன் கண் இமைக்கும் நேரத்தில் மறைந்துவிடும். மாலையில் படுக்கையை உதறினால் தலையணைக்கு அடியில் ஒரு துண்டு, கவுன் பையில் ஒரு துண்டு, அரிசி டிரம்முக்குப் பின்னால் காய்ந்துபோன இட்லி ஒன்று என வந்துகொண்டே இருக்கும். யார் கையாவது தட்டருகே வந்தால் இரு கைகளாலும் தட்டை வளைத்துக்கொள்வாள்.

உண்ண மறுப்பதும் ஒளித்து வைப்பதும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றலாம். இரண்டிற்கும் வேர் ஒன்றே. அதன் பெயர் அச்சம். வீட்டில் பிறந்து வளரும் குழந்தை பசித்து அழுகிறது, தாய் வருகிறாள், பால் வருகிறது. இது ஆயிரமாயிரம் முறை நிகழும்போது, 'கேட்டால் வரும்' என்ற நம்பிக்கை அதன் உடம்பிலேயே ஊறிவிடுகிறது. காப்பகத்திலோ பல பிள்ளைகளுக்கு ஓர் ஆயாவின் இரு கைகள். குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அந்த இரு கைகளும் ஓயாமல் உழைத்ததால்தான் எங்கள் மகள் எங்களுக்கு உயிரோடு கிடைத்தாள். ஆயினும் அங்கே உணவு வருவது மணிக்கணக்கைப் பார்த்தேயன்றி அழுகையைக் கேட்டு அன்று. ஆகவே சில பிள்ளைகள் 'இருக்கும்போதே எடுத்துக்கொள்' என்று கற்கின்றனர். வேறு சிலர் கேட்பதையே விட்டுவிடுகின்றனர்.

பசி மனத்தில் விடும் தழும்பு எத்தகையது என்பதற்கு ஒரு சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வு நடத்தினார். ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராது என்று போருக்குச் செல்ல மறுத்த 36 இளைஞர்கள் தாமாகவே அதற்கு முன்வந்தனர். ஆறு மாத காலம் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறக்குறையப் பாதியே வழங்கப்பட்டது. அவர்கள் இரவும் பகலும் உணவையே நினைத்தனர், தட்டை நக்கினர், சமையல் நூல்களைக் கதைப் புத்தகம்போலப் படித்தனர். மீண்டும் உணவு கிடைத்த பின்னும் அவர்களுள் பலர் எவ்வளவு உண்டும் நிறைவு அடையவில்லை. வளர்ந்த ஆண்கள், கற்றவர்கள், இந்தப் பட்டினி எந்த நாளில் முடியும் என்று அறிந்தவர்கள். அவர்களுக்கே இந்நிலை என்றால், முடிவு நாள் அறியாத பச்சிளங்குழந்தையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

மெல்லாமைக்கு வேறொரு காரணமும் இருந்தது. மெல்லுவது தானாக வருவதன்று; அது கற்றுக்கொள்ளும் கலை. இலிங்வொர்த், லிஸ்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இருவர் 1964இலேயே இதனை எடுத்துக் கூறினர். ஆறு, ஏழு மாதம் தொடங்கிச் சில மாதங்கள் குழந்தை கெட்டியான உணவை மெல்லக் கற்கும் பருவம். அப்பருவம் நீர்த்த உணவிலேயே கழிந்துவிட்டால் பின்னர் கற்பது கடினம் என்பது அவர்கள் கண்ட உண்மை. புட்டிப் பாலிலும் கரைத்த சோற்றிலும் அப்பருவத்தைக் கழித்த பிள்ளை, இரண்டரை வயதில் மெல்லவில்லை என்றால் அது பிடிவாதமன்று, கற்பிக்கப்படாத பாடம்.

முதலில் மருத்துவர்

எங்கள் மகளின் எடை அன்று 9 கிலோ 400 கிராம். அந்த வயதுப் பெண் குழந்தைக்குச் சுமார் 12 கிலோ இருக்கலாம். எங்கள் குழந்தை மருத்துவர் அவளை நன்கு பரிசோதித்தார். பல், தொண்டை, அண்ணம், மலச்சிக்கல், குடற்புழு, இரத்தத்தின் இரும்புச்சத்து என ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரும்புச்சத்துக் குறைந்தால் பசியும் குறையும். பசி குறைந்தால் இரும்புச்சத்து மேலும் குறையும். புழு மருந்தும் இரும்புச்சத்து மருந்தும் கொடுத்துவிட்டு, "மாதம் ஒருமுறை, இதே தராசில் எடை பார்ப்போம். வீட்டில் தினமும் நிறுத்துப் பார்த்துக் கவலைப்படாதீர்கள்" என்றார்.

பெற்றோர் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். குடிக்கும்போதெல்லாம் இருமல், மூச்சுத் திணறல், மூக்கு வழியாகப் பால் வருதல், உதடு நீலமாதல், அடிக்கடி மார்புச் சளி, எடை இறங்குதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் பொறுத்திருத்தல் ஆகாது. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மிகவும் நலிந்த பிள்ளைக்கு இரக்கத்தால் திடீரென நிறைய ஊட்டுவதும் ஆபத்தானது. மருத்துவர் சொல்லும் அளவில்தான் உணவைக் கூட்ட வேண்டும். 2013ஆம் ஆண்டில் தொடங்கிய அரசின் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. உண்ணவும் பேசவும் இடர்ப்படும் பிள்ளைகளை அங்கே காட்டலாம்.

எவர் பொறுப்பு எது?

எல்லின் சாட்டர் என்னும் அமெரிக்க உணவியல் வல்லுநர் 1980களில் எழுதிய நூல்களால் பரவிய எளிய விதி ஒன்று உண்டு. என்ன உணவு, எந்த வேளை, எந்த இடம் என்பவை பெற்றோரின் பொறுப்பு. உண்பதா வேண்டாமா, எவ்வளவு உண்பது என்பவை பிள்ளையின் பொறுப்பு. எங்கள் மருத்துவர் எங்களுக்கு உரைத்ததும் இதுவே. கேட்பதற்கு எளிது. தட்டில் பாதி மிஞ்சியிருக்க, எலும்பு தெரியும் பிள்ளை எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பெற்றோர் அறிவர்.

காலை ஏழரை, பத்தரை, நண்பகல், மாலை நான்கு, இரவு ஏழரை, படுக்குமுன் பால் என வேளைகளை வகுத்தோம். சிறு வயிற்றுக்கு இரண்டு, மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை உணவு தேவை. ஒவ்வொரு வேளையும் அவளுக்குப் பழக்கமான ஒன்று, அதாவது கஞ்சியோ பன்னோ, தட்டில் கட்டாயம் இருக்கும். அதனருகில் நாங்கள் உண்பதில் ஒரு சிறு பங்கு. எங்களில் ஒருவரேனும் அவளோடு அமர்ந்து உண்போம். உணவு முடிந்ததும், "இனி அடுத்த வேளைக்கு வரும்" என்று சொல்லித் தட்டை எடுப்போம். கடிகாரம் பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு எங்கள் கோயிலின் நண்பகல் மணி உதவிற்று. மணி ஒலித்தால் சோறு வரும் என்பதை மூன்று வாரங்களில் கண்டுகொண்டாள். மணியோசை கேட்டதும் தானே மனையை இழுத்துப் போட்டு அமர்ந்த அந்த நாள், அவள் ஒரு பிடிகூட அதிகமாக உண்ணவில்லை. ஆயினும் எங்களுக்கு அது திருநாளாகவே இருந்தது.

முதல் மாதம் 100 கிராம் ஏறிற்று. இரண்டாம் மாதம் ஒன்றும் ஏறவில்லை. அந்த இரண்டாம் மாதம்தான் எங்களுக்குச் சோதனைக் காலம். வீட்டிலிருந்த அப்பாயி, "வாயைப் பிடிச்சு நாலு வாய் ஊட்டினா என்னப்பா? நான் உன்னை வளர்க்கலையா?" என்று கண்ணீர் விட்டார். அவர் சொன்னது அன்பினால்தான். ஆனால் பிடித்து ஊட்டப்பட்ட பிள்ளை உணவைக் கண்டாலே உடம்பை இறுக்கிக்கொள்ளும். இறுகிய உடம்பில் பசி எழாது. "அம்மா, டாக்டர் மூணு மாசம் பார்க்கச் சொல்லியிருக்கார். அதுவரைக்கும் பொறுத்துக்குங்க" என்று கேட்டுக்கொண்டோம். மூன்றாம் மாதம் தராசு 200 கிராம் ஏற்றம் காட்டிற்று. ஓராண்டு முடிவில் எடை 11 கிலோ 800 கிராம்.

அந்தச் சம்புடம்

ஒளித்து வைக்கும் பழக்கத்திற்கு வருவோம். கண்டித்தால் பிள்ளை ஒளிப்பதை நிறுத்தாது; இன்னும் நன்றாக ஒளிக்கக் கற்கும். ஆகவே மூடியுள்ள எவர்சில்வர் சம்புடம் ஒன்றை வாங்கி, அதில் இரண்டு ரஸ்க்கும் ஒரு சிறு வாழைப்பழமும் வைத்து, "இது உன்னுடையது. யாரும் எடுக்க மாட்டார்கள். தீர்ந்தால் மறுபடி நிரப்புவோம்" என்று அவள் கையில் கொடுத்தோம். மூச்சுக்குழலில் சிக்கக்கூடிய வேர்க்கடலை, கடினமான மிட்டாய் போன்றவற்றை அதில் வைக்கவில்லை. இரவில் அவள் பல் துலக்கிப் படுத்த பின்னும் சம்புடம் படுக்கையருகிலேயே இருக்கும்.

முதல் நாட்களில் காலியான சம்புடத்தை ஒரு நாளில் நான்கு முறைகூட நிரப்பினோம். பின் இரண்டு முறை. பின்னர் ரஸ்க் நமுத்துப் போகும்வரை அப்படியே இருக்கலாயிற்று. திறந்து பார்ப்பாள், இருக்கிறது என்று கண்டதும் மூடி வைப்பாள். அவளுக்குத் தேவையாயிருந்தது ரஸ்க் அன்று, ரஸ்க் இருக்கிறது என்ற உறுதியே. கட்டிலுக்கு எறும்பு வருகிறதென்று அப்பாயிக்கு மனக்குறை இருந்தது. ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் மாலை, அப்பாயி காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, பிள்ளை தன் சம்புடத்தைத் திறந்து ஒரு ரஸ்க்கை எடுத்து அவர் கையில் வைத்தாள். "அப்பாயி, சாப்பிடு" என்றாள். எறும்புக்காக முணுமுணுத்தவர் அந்த ரஸ்க்கைக் காப்பியில் நனைத்து மெல்ல மெல்ல உண்டார். மறுநாள் முதல் சம்புடத்தை நிரப்பும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார்.

மெல்லக் கற்றல்

பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் மெல்லும் பயிற்சியைக் கற்றுத் தந்தார். பிள்ளை நிமிர்ந்து அமர வேண்டும். நாற்காலியில் அமர்ந்தால் கால்கள் தொங்காதபடி அடியில் பலகை இட வேண்டும். நீர்த்த கஞ்சியை நாளுக்கு நாள் சிறிது கெட்டியாக்க வேண்டும். அதன்பின் நன்கு குழைந்த பருப்பு சாதம், பின் இட்லி, அதன்பின் தோசையின் மென்மையான பகுதி. விரலளவு துண்டை நாக்கின் நடுவில் வைக்காமல் கடைவாய்ப் பக்கமாக வைத்தால் தாடை தானே அசையக் கற்கும். நீரும் துண்டுமாகக் கலந்த உணவு இத்தகைய பிள்ளைக்கு மிகக் கடினம். காய்கள் மிதக்கும் சாம்பார் சாதத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

மாவு பிசையும்போது அவளுக்கும் ஓர் உருண்டை கொடுப்போம். கொழுக்கட்டை பிடிப்பாள்; உண்ண வேண்டும் என்ற கட்டாயமில்லை. தொட்டும் முகர்ந்தும் பழகிய பொருளை நாக்கு எளிதில் ஏற்கும். புதிய உணவு ஒன்றைப் பத்து, பதினைந்து முறை சிறிதளவு காட்டிய பிறகே பல குழந்தைகள் ஏற்கின்றனர் என்பது ஆய்வாளர் கண்ட உண்மை. ஆகவே இரண்டு முறை துப்பியதும் 'இது பிடிக்காது' என்று முடிவு கட்டிவிடலாகாது. எங்கள் மகள் தோசையின் முறுகலான ஓரத்தைக் கடித்து மென்று விழுங்க எட்டு மாதங்கள் ஆயின.

சொல்லத் தகாத சொற்கள்

'பக்கத்து வீட்டுப் பாப்பா எப்படிச் சாப்பிடுகிறாள் பார்' என்ற ஒப்பீடு வேண்டாம். 'இதைத் தின்றால் சாக்லேட் தருவேன்' என்ற பேரமும் வேண்டாம். பரிசுக்காக உண்ணவைத்த உணவைப் பிள்ளைகள் பின்னாளில் குறைவாகவே விரும்புகின்றனர் என்பதை லீயன் பர்ச் என்னும் அமெரிக்க ஆய்வாளர் சோதனைகளால் காட்டினார். குறும்புக்குத் தண்டனையாக ஒருவேளை உணவை நிறுத்துவது எந்தப் பிள்ளைக்கும் தகாது. பட்டினியை அறிந்த பிள்ளைக்கு அது கொடுமை.

எல்லாவற்றினும் கொடிய சொல் ஒன்று உண்டு: 'சாப்பிடாவிட்டால் ஹோமுக்கே அனுப்பிவிடுவோம்.' விளையாட்டுக்கும், வீட்டாரோ விருந்தினரோ எவரும் அதனைச் சொல்லலாகாது. நம் பிள்ளைக்கு அது வெறும் மிரட்டல். தத்து வந்த பிள்ளைக்கோ அது நடக்கக்கூடிய செய்தி. அந்த ஒரு சொல், ஓராண்டுக் காலம் சேர்த்த நம்பிக்கையை ஒரு நொடியில் கரைத்துவிடும்.

வேறு பிள்ளைகள், வேறு தேவைகள்

எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி அல்லர். அளவின்றி உண்ணும் பிள்ளையும் உண்டு. அதற்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை. அல்லது தெரிந்தாலும் நம்ப முடிவதில்லை. 'போதும், எழுந்திரு' என்று தடுத்தால் அச்சம் வளர்ந்து உண்ணும் வேகமும் வளரும். வேளை தவறாமல் இட்டு, உடன் அமர்ந்து, 'இன்னும் இருக்கிறது, மெதுவாகச் சாப்பிடு' என்று சொல்வதே மருந்து. வயிற்றின் குரல் அதற்குக் கேட்கத் தொடங்கச் சில மாதங்கள் ஆகலாம்.

வளர்ப்புப் பராமரிப்பில் உடன்பிறந்தார் சேர்ந்து வரும்போது, தம்பி உண்டு முடியும்வரை தான் உண்ணாத அக்காளைக் காணலாம். அவள் அத்தனை நாளும் அவனுக்குத் தாயாக இருந்தவள். 'நீ விலகு, நாங்கள் ஊட்டுகிறோம்' என்று அவளது கடமையைப் பறிக்காமல், முதலில் இருவருக்கும் ஒரே நேரத்தில் பரிமாறுங்கள். தம்பியின் தட்டு தவறாமல் நிறைவதை நாள்தோறும் கண்ட பிறகு, அவள் தன் தட்டைப் பார்ப்பாள். கைக்குழந்தை வந்தால் காப்பகத்தில் கொடுத்த அதே பால்மாவு, அதே புட்டி ஆகியவற்றைச் சில காலம் தொடர்ந்து, மருத்துவரின் ஆலோசனையோடு மெல்ல மாற்றுவது நலம். பிள்ளையை அழைத்து வரும்போதே, அங்கே என்ன உண்டாள், எந்த நேரத்தில், எவர் கையால், எந்தத் தட்டில் என்று ஆயாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வெல்லமிட்ட கேழ்வரகுக் கஞ்சி என்று எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. புது வீடு, புது முகங்கள், புது மணம் ஆகியவற்றின் நடுவே, பழகிய சுவை ஒன்றுதான் அவளுக்கு அறிமுகமான உறவாக இருந்தது.

பங்குக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்

உங்கள் தெருவில் ஒரு குடும்பம் பிள்ளையைத் தத்தெடுத்து வரலாம். அல்லது சில காலம் வளர்க்க ஏற்கலாம். பார்க்கப் போகும்போது, 'ஏன் இவ்வளவு இளைத்திருக்கிறது?' என்று பிள்ளையின் முன் கேட்காதீர்கள். அதன் வாயில் இனிப்பைத் திணிக்காதீர்கள். அந்த நாட்களில் அதற்கு உணவிடும் கைகள் இன்னார் கைகள் என்று தெளிவது அவசியம். உதவ விரும்பினால் பெற்றோருக்கு ஒருவேளைச் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுச் செல்லுங்கள். இரவெல்லாம் விழித்த அவர்களுக்கு அது பேருதவி. பாட்டிமாரும் தாத்தாமாரும் பொறுமை காப்பார்களாக. உங்கள் கைப்பக்குவத்திற்கு இடம் வரும், சற்றுத் தாமதமாக வரும்.

இத்தகைய பிள்ளையை வளர்க்கும் பெற்றோரே, இன்று அது எத்தனை பிடி உண்டது என்று எண்ணிக் கலங்காதீர்கள். இன்று உங்கள் அருகில் வந்து அமர்ந்ததா, தட்டை வளைத்த கைகள் சற்றே தளர்ந்தனவா, மடியில் சாய்ந்ததா என்று பாருங்கள். உடம்பு தேறும் முன்னே மனம் தேறும். அதன் அடையாளங்கள் தராசில் தெரிவதில்லை. மருத்துவர் சொன்னதைத் தவறாமல் செய்யுங்கள். வேளை தவறாமல் தட்டை வையுங்கள். அருகில் அமருங்கள். உண்டாலும் உண்ணாவிட்டாலும், அடுத்த வேளையும் அதே முகத்தோடு வையுங்கள்.